ஷட்டகர் கணினியும் சங்கத்து ஈய முத்திரையும்

திருத்தணியில் ஒருவர் தன் வீட்டின் மேல் மாடி எடுக்கலாம், அந்த மாடியின் மேல் இன்னொரு மாடியும் எடுக்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் சொந்தக் கணினியின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு திருகைத் தளர்த்த வேண்டுமென்றால் 'திருத்தணி வட்டக் கணினி ஆட்டக்காரர் ஐக்கிய சங்கம்' கூட வேண்டும், பேச வேண்டும், தீர்மானம் போட வேண்டும். சட்டத்தில் இப்படியெல்லாம் கிடையாது. சட்டத்தை மீறினால் ஜாமீனாவது கிடைக்கும். சங்கத்தை மீறினால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சங்கத்தைத் தொடங்கியவர் பஞ்சாட்சரம். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைத்தே பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. வெளிநாடு போன மகன் விட்டுப்போன கணினியில் துப்பாக்கி ஆட்டம் ஆடக் கற்றுக்கொண்டார். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், அம்மையார்குப்பத்தில் தறிக்குப் பாவு போடுகிறவர்கள், ஆர்.கே.பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர்கள் என்று வட்டம் முழுக்க இதே ஆட்டத்தை ஆடுகிறவர்கள் இருப்பதும் அவருக்குத் தெரியவந்தது. ஆளாளுக்கு ஒரு கணினி, ஒவ்வொன்றும் ஒரு வேகம் என்பதைப் பார்த்து மனம் நொந்தார். குறிப்பாக, தன்னுடையதைவிடச் சிலருடையது வேகமாக ஓடுவதைப் பார்த்து நொந்தார். அன்றைக்கே அவருக்குச் சமத்துவத்தின் மேல் தீராத பற்று உண்டானது.

பற்று உண்டானதும் ஈய முத்திரை வந்தது. மின்சார மீட்டரில் பார்த்திருப்பீர்கள்: ஒரு மெல்லிய கம்பி, அதன் முனையில் ஈய வில்லை, குறடால் நசுக்கினால் முத்திரை. உறுப்பினர்களின் கணினிப் பெட்டிக்குப் பின்னால் அதே கம்பி, அதே ஈயம். முத்திரை இல்லாத கணினி ஆட்டத்தில் சேராது. முத்திரை அறுந்திருந்தால் ஆளே சேரமுடியாது. ஞாயிறுதோறும் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வர வேண்டும், ஆட்டம் அங்கேதான். கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. திரையில் படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுதான் பெட்டிக்குள் விலை கூடிய சாமான், அதை யாரும் கழற்றி மாற்றிவிடக் கூடாது, ஆகவே கம்பி கார்டில் வயர் சொருகும் வாயைக் குறுக்கே மறித்துக் கட்டப்பட வேண்டும்.

இந்தச் சங்கத்தில் குணசேகரன் ஓர் எளிய உறுப்பினர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லுங்கிக் கடை வைத்திருந்தார். கடையை மூடி வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மனைவி அனுசுயா அதை ஒரு வியாதியாகக் கருதி, பத்தியம் ஏதும் இல்லாத வியாதி என்பதால் விட்டுவிட்டாள்.

அந்த வருடம் வேலூரில் பெரிய போட்டி. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவர் போகலாம், ஒருவர்தான் போகலாம். குணசேகரன் போக நினைத்தார். வெறுமனே நினைக்கவில்லை. தன் பெயர் போட்ட சட்டையோடு மேடை ஏறுவதாகவும், அதை மாமனார் வீட்டு டி.வி.யில் எல்லாரும் பார்ப்பதாகவும் நினைத்தார். நடுவில் ஒரே ஒரு தடை இருந்தது. அதன் பெயர் விஷ்ணு.

விஷ்ணு, அனுசுயாவின் தங்கை தீபாவின் புருஷன். எங்கள் பக்கத்தில் இந்த உறவை ஷட்டகர் என்போம். உலகத்தில் யார் முன்னுக்கு வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஷட்டகர் வரக்கூடாது. பொதட்டூர்பேட்டையில் விஷ்ணுவுக்குச் சொந்தத் தறி. ஆள் நல்ல உயரம். மாமியார் வடை சுட்டால் முதல் ஈடு அவன் தட்டில்தான் விழும். இதெல்லாம் போதாதென்று அவன் கணினி ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அது வழிந்தோடும் எண்ணெய் மாதிரி ஓடியது. குணசேகரனுடையது திக்கித் திக்கி ஓடியது. குணசேகரன் திரையில் விஷ்ணு இன்னும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பான். அடுத்த படம் வருவதற்குள் குணசேகரன் செத்துக் கிடப்பார்.

குணசேகரனுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடும்போது எரிந்தது, லுங்கி மடிக்கும்போது எரிந்தது, விஷ்ணு "எப்படி கீறண்ணா?" என்று வாய் நிறைய விசாரிக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிந்தது.

எரிச்சலைத் தணிக்க ஒரே வழி, கணினியில் எதையாவது மாற்றி வேகமாக்குவது. எதை மாற்றுவது? பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா, ராமா, எஸ்.எஸ்.டி.யா, மானிட்டரா? சங்கத்தில் மனு கொடுத்தார்.

சங்க அலுவலகம் வாடகைப் பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே அண்டாக்களை உருட்டும்போதெல்லாம் மேலே தீர்மானங்கள் நின்று நின்று நிறைவேறும். நடுவில் தலைவர் பஞ்சாட்சரம். வலப்பக்கம் செயலாளர் யோகலட்சுமி, கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறவர். இடப்பக்கம் தொழில்நுட்பக் குழுத் தலைவர் தங்கவேல், விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர்.

"எதை மாத்தணும்ன்றீங்க?" என்றார் தலைவர்.

"அதைத்தான் சார் கேக்கலாம்னு வந்தேன். எதை மாத்தினா நல்லா ஓடும்னு..."

"எதை மாத்தணும்னே தெரியாம வந்தா சங்கம் எதுக்கு அனுமதி தர்றது?"

"அப்ப தெரிஞ்சிகினு வர்றேன் சார்."

"தெரிஞ்சிகினு வந்துட்டா அப்புறம் சங்கம் எதுக்கு?"

குணசேகரன் இரண்டையும் யோசித்துப் பார்த்தார். இரண்டுமே நியாயமாகப் பட்டதால் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு உட்கார நாற்காலி சொல்லப்படவில்லை.

முதல் கட்டமாக உறுப்புகள் எடை போடப்பட்டன. தலைவருக்கு எதையும் எடை போடாமல் நம்பும் பழக்கம் கிடையாது. வீட்டிலிருந்து தராசே கொண்டுவந்திருந்தார். மாதிரிக்காக யோகலட்சுமியின் மையத்திலிருந்து உதிரி சாமான்கள் வந்திருந்தன. ராமை வைத்தார்கள். தட்டு அசையவே இல்லை.

"பாத்தியா?" என்றார் தலைவர். "கனமே இல்லாத சாமான். இதுல இன்னா வேகம் வரும்?"

பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு தட்டிலும் புது எஸ்.எஸ்.டி.யை இன்னொரு தட்டிலும் வைத்தார்கள். ஹார்டு டிஸ்க் பக்கம் சட்டென்று இறங்கியது. புதுச் சாமான் ஆபத்தானது, இருக்கிற வேகத்தையும் குறைத்துவிடும் என்று தங்கவேல் கருத்துச் சொன்னார். கிராபிக்ஸ் கார்டு மட்டும் தட்டை நன்றாக இறக்கியது. மூன்று பேரும் மரியாதையோடு அதைப் பார்த்தார்கள்.

"அப்ப கார்டையே மாத்திடலாமா சார்?" என்றார் குணசேகரன்.

யோகலட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எந்த உறுப்பினர் கார்டும் தலைவர் கார்டைவிட கனமா இருக்கக்கூடாது. சமத்துவம் கெட்டுடும்."

இரண்டாம் கட்டம் விவாதம். தங்கவேல் ராமை எதிர்த்தார். "என்கிட்டயே எட்டு ஜி.பி.தான் கீது. பதினாறு போட்டவன் எவனாவது நிம்மதியா கீறானா?" யோகலட்சுமி மானிட்டரை எதிர்த்தார். "பெரிய மானிட்டர் கண்ணுக்குக் கெடுதல். என்னோடது சின்னது, எனக்குக் கண்ணாடி போடவேண்டிய அவசியமே வந்ததில்லே. இப்ப போட்டிருக்கறது வெறும் அழகுக்கு." தலைவர் பிராசஸரை எதிர்த்தார். "என் பையன் வாங்கிவெச்ச பிராசஸரே எனக்குப் போதும்னு நான் அடக்கமா கீறேன். உனக்கு இன்னா அவசரம்?" ஒவ்வொருவரும் தன்னிடம் இல்லாத சாமானை எதிர்த்தார்கள். அடுத்தவர் எதிர்த்த சாமானுக்குப் பரிந்து பேசவும் யாரும் இல்லை, ஏனென்றால் நாளைக்குத் தான் எதிர்க்கும்போது ஆதரவு வேண்டுமே.

இந்த இடத்தில் தலைவர் எழுந்து ஓர் உரை நிகழ்த்தினார். "நண்பர்களே, பொறாமைன்றது பெரிய நோய். ஒருத்தன் வேகமா போனா நாலு பேர் வயிறு எரியும். அந்த நாலு பேரோட வயித்தையும் காப்பாத்தறதுக்குத்தான் இந்தச் சங்கம். அந்த நாலு பேருல நானும் ஒருத்தன்றதால இந்த வேதனை எனக்கு நல்லாவே தெரியும்." கைதட்டினார்கள். குணசேகரனும் தட்டினார். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை, ஆனால் தட்டாதவர்கள் பெயர் கவனிக்கப்படுவதாக ஒரு பேச்சு இருந்தது.

கடைசியில் யாரும் பொறாமைப்பட முடியாத சாமான்கள் சில மிஞ்சின. அவற்றுள் எது என்று முடிவாகாததால், நம் பக்கத்து வழக்கப்படி பூப்போட்டுப் பார்ப்பதென்று தீர்மானம். கல்யாணத்துக்கும் நிலம் வாங்குவதற்கும் இங்கே பூப்போட்டுத்தான் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். விசிறிக்கு வெள்ளைப் பூ, விசைப்பலகை விளக்குக்கு மஞ்சள் பூ, மவுஸ் பேடுக்குச் செவ்வரளி என்று பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டார்கள். எதற்கென்று கேட்ட குருக்களிடம், நல்ல காரியம் என்று சொன்னார்கள். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால் செவ்வரளி.

"தெய்வமே சொல்லிடுச்சிப்பா," என்றார் தலைவர் நெகிழ்ச்சியோடு. "மவுஸ் பேட்."

அந்த ஞாயிறு குணசேகரனுக்கு மவுஸ் பேட் வழங்கும் விழா நடந்தது. பிளக்ஸ் பேனரில் தலைவர் படம் பெரிதாகவும், மவுஸ் பேட் படம் அதைவிடச் சின்னதாகவும், குணசேகரன் பெயர் ஓரத்திலும் இருந்தது. விழா முடிந்த கையோடு ஆட்டம். குணசேகரன் எப்போதையும்விட மெத்தென்ற மவுஸ் பேடின் மேல் கையை வைத்துக்கொண்டு எப்போதையும் போலச் செத்தார். சுட்டது விஷ்ணு.

ஆட்டம் முடிந்ததும் விஷ்ணு வந்து தோளைத் தொட்டான். "மவுஸ் பேட் சோக்கா கீதுண்ணா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கேலி செய்திருந்தாலும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவன் உண்மையாகவே சொன்னான், அதுதான் வயிற்றில் அமிலம் ஊற்றியது. வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"இன்னாங்க, அவனும் நம்ப ஊட்டு ஆளுதானே? அவன் ஜெயிச்சா இன்னா?" என்றாள் அனுசுயா.

"நம்ப ஊட்டு ஆளுன்றதுதாண்டி பிரச்னை."

ஆடி மாதத்தில் தீபா வீட்டில் கூழ் ஊற்றினார்கள். பொதட்டூர்பேட்டைக்குப் போக குணசேகரனுக்கு மனமில்லை, ஆனால் கூழ் ஊற்றும் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. மதியம் எல்லாரும் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தறிகள் நின்று தெருவே அமைதியாக இருந்தது. குணசேகரன் விஷ்ணுவின் அறைக்குள் நுழைந்து அவன் கணினியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான். பெட்டிக்குப் பின்னால் குனிந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முத்திரைக் கம்பி கார்டின் வாயை மறிக்கவில்லை. பக்கவாட்டுத் திருகில் கட்டப்பட்டிருந்தது. மானிட்டர் வயர் நேராகக் கார்டுக்குள் சொருகியிருந்தது. குணசேகரன் வீட்டில் அந்த வயர் மேலே வேறொரு ஓட்டையில், மதர்போர்டில் அல்லவா சொருகியிருக்கிறது?

விஷ்ணு பிரசாதத்தோடு உள்ளே வந்தான். அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டுமென்று தெரிந்திருந்தால்தானே மறைப்பான்.

"அதுவாண்ணா? நான் வாங்கினது இருக்கறதுலயே மலிவு பிராசஸரு. அதால படம் காட்ட முடியாதாம். மேல ஓட்டையில வயரை சொருவினா திரை கறுப்பாத்தான் கீது. அதான் தங்கவேல் அண்ணன் சலிச்சிகினு கார்டுலயே வுட்டுட்டு, சீல் கம்பியை இந்தாண்ட கட்டிட்டுப் போனாரு. உன்துல நல்ல பிராசஸரு, எந்த ஓட்டையில சொருவினாலும் படம் வரும்."

"ஆங், ஆங், வரும்," என்றார் குணசேகரன். மலிவாக வாங்கியவன் பறக்கிறான், நல்லதாகப் பார்த்து வாங்கியவர் ஊர்கிறார். பகவான் கணக்கு போடும்போது யாரோ பக்கத்தில் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. அனுசுயா ரேஷனுக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திருப்பி வைத்து, முத்திரைக் கம்பியை ஸ்க்ரூடிரைவர் முனையால் அறுந்துவிடாமல் மெல்ல வளைத்து, சந்து கண்டுபிடித்து, மானிட்டர் வயரைக் கார்டுக்குள் சொருகினார். ஆட்டத்தைப் போட்டார்.

ஓடியது. எதிரியின் முகம் முகமாகத் தெரிந்தது. இலை அசைவது தெரிந்தது. அவர் திரும்ப நினைத்தபோதே திரும்பியது. இத்தனை காலம் பெட்டிக்குள் அந்தக் கார்டு ஒரு வேலையும் செய்யாமல் முத்திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்ற வேண்டிய சாமான் என்று ஒன்றுமே இல்லை. சங்கத்துக் கம்பியை எடுத்தால் போதும். அவர் வீட்டில் மட்டுமல்ல, வட்டத்தில் உள்ள அத்தனை வீட்டிலும்.

சந்தோஷம் ஒரு ஆட்டம் வரை நீடித்தது. அடுத்த ஆட்டத்தில் யோசனை வந்தது. கம்பி வளைந்திருப்பதைத் தங்கவேல் பார்த்தால் வெளியே தள்ளுவார்கள், வேலூர் கனவு அதோடு போகும். சங்கத்தில் சொல்லி முறையாகக் கம்பியை எடுக்கச் சொன்னால் எல்லாருக்கும் எடுப்பார்கள், எல்லாரும் வேகமாவார்கள். ஆர்.கே.பேட்டை உரக்கடைக்காரன்கூட வேகமாகிவிடுவான். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று தீர்மானித்து, வயரைப் பழைய ஓட்டைக்கே மாற்றிவிட்டு, தலைவர் வீட்டுக்குப் போனார்.

பஞ்சாட்சரம் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கணினியில் முத்திரையே இல்லை. ஆட்டம் தண்ணீர் போல ஓடியது. குணசேகரன் மூச்சிரைக்கச் சொன்னதை அவர் திரும்பாமலே கேட்டார். சுட வேண்டியவனைச் சுட்டு முடித்த பிறகுதான் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா எனக்குத் தெரியுமேப்பா," என்றார்.

"தெரியுமா சார்?"

"தங்கவேலுக்கும் தெரியும். அவன் வந்து சொன்னான், குழுத் தலைவர் ஆக்கினேன். யோகலட்சுமி வந்து சொன்னாங்க, செயலாளர் ஆக்கினேன். இப்ப நீ வந்துகீறே."

"அப்ப உங்க மெஷினுக்கு ஏன் சார் சீல் இல்லே?"

"முத்திரை குத்தறவன் கல்லுக்கு எவன்பா முத்திரை குத்துவான்?" தலைவர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். "நான் சர்வீஸ்ல எத்தினி கடை பாத்துகீறேன்? ஒருத்தனாவது 'சார், என் எடைக்கல்லு சரியா கீதா பாருங்க'ன்னு கேட்டதில்லே. பக்கத்துக் கடைக்காரன் கல்லைத்தான் பாக்கச் சொல்லுவான். மனுசன் அப்படித்தான். எல்லார் கம்பியையும் எடுத்துட்டா இன்னா ஆவும்? எல்லாரும் நல்லா ஆடுவான். அப்புறம் எவன் மனு குடுப்பான்? எவன் என்னைப் பாத்தா எழுந்து நிப்பான்? உனக்கு இன்னா வேணும், சொல்லு. உன் கம்பியை நான் எடுத்துடறேன். ஆனா சங்கத்துல எடுத்தா உன்து மட்டுமில்லே, எல்லாருதும் எடுக்கணும். அதுதான் சமத்துவம். இல்லே, உனக்கு வேற ஒண்ணு தர்றேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு குறடை எடுத்து வைத்தார். முத்திரை நசுக்கும் குறடு. பிடி தேய்ந்து பளபளத்தது.

"தொழில்நுட்பக் குழு உறுப்பினர். பொதட்டூர்பேட்டை பகுதி. உன் கம்பி இருக்கற மாதிரியே இருக்கும், முன்மாதிரியா இருக்கணும் இல்லே. ஆனா அங்க இருக்கற எவன் பொட்டியும் உன் கை படாம ஓடாது."

பொதட்டூர்பேட்டை பகுதி. குணசேகரன் வேகத்தையும் நினைத்தார், அந்த ஊரையும் நினைத்தார். ரொம்ப நேரம் நினைக்கவில்லை. குறடை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் குணசேகரனுக்குச் சங்கத்தில் நாற்காலி கிடைத்தது. பாத்திரக் கடைப் படியில் ஏறும்போது இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாமியார் வீட்டில் முதல் ஈடு வடை ஒருமுறை அவர் தட்டில் விழுந்தது. விஷ்ணு அதைக் கவனித்தான். வேலூருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தீபாவோடு லுங்கிக் கடைக்கே வந்துவிட்டான்.

"பாவா, இவருக்கு நீங்கதான் வழி காட்டணும்," என்றாள் தீபா, அக்கா புருஷனிடம். "ஊட்டுல எந்நேரமும் இதே பேச்சா கீது."

"ண்ணா, இப்ப நீ பெரிய ஆளு. இன்னும் கொஞ்சம் வேகம் வேணும். எதை மாத்தினா நல்லாருக்கும்?"

குணசேகரன் ஒரு லுங்கியைப் பிரித்து, மடித்து, மறுபடியும் பிரித்தார். பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் உடனே பதில் சொல்வதில்லை.

"பிராசஸரு," என்றார். "உன்து மலிவு சாமான், படமே காட்டாது. நல்லதா, படம் காட்டற பிராசஸரா போடு. விலை கொஞ்சம் கூடத்தான் ஆவும்."

"அனுமதி குடுப்பாங்களாண்ணா?"

"நான் பாத்துக்கறேன்."

குழு கூடிய வேகத்தை அண்டா உருட்டுபவர்களே வியந்து பேசினார்கள். எடை இல்லை, விவாதம் இல்லை, பூ இல்லை. குணசேகரன் பரிந்துரையை வாசித்தார், தங்கவேல் அவரைக் கூர்ந்து பார்த்து மெல்லத் தலையசைத்தார். தலைவர், "இவருதான் எனக்கப்புறம் இந்தச் சங்கத்தைக் காப்பாத்தப் போறவரு," என்று பெருமைப்பட்டார்.

புதுப் பிராசஸர் வந்தது. பழைய முத்திரையை அறுத்து, பிராசஸரைப் பொருத்தி, மறு முத்திரை வைக்க குணசேகரன் பொதட்டூர்பேட்டைக்கே போனார். மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி மேலே மதர்போர்டு ஓட்டையில் சொருகினார். படம் வந்தது, விஷ்ணுவுக்கு அது போதுமானதாக இருந்தது. கம்பியைக் கார்டின் வாய்க்குக் குறுக்கே இழுத்தார். ஈயத்தைக் குறடின் வாய்க்குள் வைத்தார். அங்கே ஒரு கணம் கை நின்றது. இரக்கமா, வெயிலில் வந்த களைப்பா என்று அவருக்கே தெரியவில்லை. தீபா பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"ண்ணா," என்றான் விஷ்ணு, "நான் வேலூர் போனா உன்னைத்தான் கூட கூட்டிகினு போவேன். மேடையில உன் பேரைச் சொல்லாம இறங்கமாட்டேன்."

குறடு இறுகியது. ஈயம் நன்றாக நசுங்கியது, முத்திரை எழுத்து பிசிறில்லாமல் விழுந்தது. தங்கவேல்கூட இத்தனை சுத்தமாக வைத்ததில்லை.

தேர்வு ஆட்டம் நடந்தது. கடைசிச் சுற்றில் மிஞ்சியது ஷட்டகர்கள் இருவரும்தான். விஷ்ணுவின் கணினி திக்கியது. குணசேகரனுடையதும் திக்கியது. ஒருவர் நகர்வதற்குள் மற்றவர் நின்றுவிட, மற்றவர் சுடுவதற்குள் இவர் திரை உறைந்துவிட, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. சமன். மறுபடி ஆடினார்கள், மறுபடியும் சமன். விஷ்ணு திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். புதுப் பிராசஸர் போட்டும் ஏன் இப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான்.

தலைவர் எழுந்து நின்றார். "இதுதான் சமத்துவம்! இத்தினி நாள் இந்தச் சங்கம் பட்ட பாடு வீண் போகலே. ஒரே குடும்பத்து ரெண்டு பேர்ல ஒருத்தரை அனுப்பி இன்னொருத்தர் மனசை நோகடிக்க எனக்கு விருப்பமில்லே. அதனால, சங்கத்தோட நன்மைக்காக, நானே வேலூர் போறதா முடிவு பண்ணிகீறேன்." கைதட்டல் கூரையைத் தொட்டது. யாருக்கும் எதிர்ப்பில்லை. கிழவர் போனால் யாருக்கும் வயிறு எரியாது.

விஷ்ணு வெளியே வந்து குணசேகரன் பக்கத்தில் நின்றான். "பிராசஸரு மாத்தியும் இப்படி ஆயிடுச்சேண்ணா. அடுத்தது எதை மாத்தறது?"

"மனு குடு," என்றார் குணசேகரன். "பாக்கலாம்."

வீட்டுக்கு வரும் வழியில் நல்ல காற்று. சாலைக் கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் நுழையும்போதே ஏதோ முணுமுணுத்துப் பாடியதை அனுசுயா கேட்டாள். இந்த மனிதர் பாடி எத்தனை நாளாயிற்று.

"வேலூருக்கு நீங்கதானா?" என்று ஓடிவந்தாள்.

"இல்லே. தலைவரு போறாரு."

"அய்யோ. நீங்க போகலியா?"

"போகலே."

"வருசம் பூரா இதுக்காகத்தானே சோறு தண்ணி இல்லாம கெடந்தீங்க? இப்ப இன்னாத்துக்கு இப்படி சிரிச்சிகினு நிக்கிறீங்க?"

குணசேகரன் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து, பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கடித்தார். வயிறு குளிர்ந்து கிடந்தது.

"விஷ்ணுவும் போகலேடி," என்றார்.